எம்பெடட் சாதனங்களுக்கு ஃபர்ம்வேர் ஏற்றுவது எப்படி: கணக்கெடுப்பிலிருந்து கடைசிச் சரிபார்ப்பு வரை

கேமரா, கதவு கன்ட்ரோலர், வைஃபை ஆக்சஸ் பாயின்ட், ஐபி போன், பிரின்டர், யுபிஎஸ்ஸின் நெட்வொர்க் கார்டு, ஏசியைக் கட்டுப்படுத்தும் பெட்டி, சென்சார் கேட்வே என்று நிறுவன நெட்வொர்க்கில் தொங்கிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னக் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கான வழிகாட்டி இது. ஃபர்ம்வேர் என்பது இந்தப் பெட்டிகளுக்குள் பதிந்து, அவற்றை இயக்கும் மென்பொருள்.

லேப்டாப்பில் அப்டேட் சொதப்பினால் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அடுத்த நிமிடமே போன் செய்வார். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் இருக்கும் பெட்டி யாரையும் கூப்பிடாது. அதற்குத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. எழவில்லை என்றால் யாராவது ஏணியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது திரும்ப எழுந்து வருமா? வராவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அப்டேட் பொத்தானிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இங்கே அந்தப் பொத்தான் ஒன்பதாவது படியில்தான் வருகிறது.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு மாடலிலும் ஒரு உதிரிச் சாதனம் வேண்டும். "பட்ஜெட் இல்லை" என்று சொல்வார்கள். உதிரி இல்லையென்றால் உங்கள் சோதனைச் சாதனம் வரவேற்பறைக் கதவில் மாட்டியிருக்கும் கன்ட்ரோலர்தான் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நெட்வொர்க் இல்லாமல் போர்டோடு நேராகப் பேச சீரியல் கன்சோல் கேபிள் வேண்டும். மாட்டும் முன் வோல்டேஜைப் பாருங்கள். போர்டில் உள்ள சீரியல் பின்கள் 3.3 வோல்ட்டில் இயங்குபவையாக இருந்து, அதில் நீங்கள் அதைவிட அதிக வோல்டேஜில் இயங்கும் ஆர்எஸ்-232 அடாப்டரை நேராக மாட்டினால் போர்டு போய்விடும். காப்பாற்றப் போன இடத்தில் நாமே கொன்ற கதை ஆகிவிடும்.

சாதனம் இருக்கும் ஒவ்வொரு கட்டடத்திலும், ரூம் சாவியோடு ஓர் ஆள் வேண்டும். அவர் பெயரையும் நம்பரையும் வேலை தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள். இரவு ஒரு மணிக்குத் தேட முடியாது.

இன்னொன்று: தீ எச்சரிக்கை பேனல், லிஃப்ட் கன்ட்ரோலர், மருத்துவக் கருவி ஆகியவற்றை இந்த வேலையில் சேர்க்காதீர்கள். அவற்றில் எந்தப் பதிப்பு ஓடலாம் என்பதற்குச் சான்றிதழ் சார்ந்த கட்டுப்பாடு இருக்கும். தயாரிப்பாளரோ அவர் அங்கீகரித்த ஆட்களோ செய்யட்டும். உங்கள் பங்கு, அவை எந்த நெட்வொர்க்கில் இருக்கின்றன என்று தெரிந்து வைத்திருப்பதோடு முடிகிறது.

2. கணக்கெடுப்பு

"எங்களிடம் எக்செல் தாள் இருக்கிறது" என்பார்கள். அந்தத் தாள் சாதனங்களை வாங்கிய நாளைச் சொல்லும், இன்றைய நிலையைச் சொல்லாது. நெட்வொர்க்கிலிருந்தே எடுங்கள்: சுவிட்ச்களின் மேக் டேபிள் (எந்தப் போர்ட்டில் எந்த ஹார்டுவேர் முகவரி), ரௌட்டரின் ஆர்ப் டேபிள் (எந்த ஐபிக்கு எந்த மேக்), டிஎச்சிபி லீஸ் பட்டியல் (தானாகத் தரப்பட்ட ஐபி முகவரிகள்), எல்எல்டிபி அண்டை விவரம் (சாதனங்கள் பக்கத்துச் சாதனத்திடம் தம்மைப் பற்றிச் சொல்வது). இந்த நான்கையும் ஒன்றோடொன்று பொருத்தினாலே எந்தப் போர்ட்டில் எந்தச் சாதனம் என்று பெரும்பகுதி தெரிந்துவிடும். இதில் எதுவும் சாதனத்தைத் தொடுவதில்லை. அதனால்தான் இதை முதலில் செய்கிறோம்.

ஸ்கேன் செய்வது அதற்குப் பிறகு. எம்பெடட் சாதனங்களில் பலவற்றின் நெட்வொர்க் அடுக்கு மிகப் பலவீனமானது. எதிர்பாராத பாக்கெட் வந்தால் தொங்கிவிடும். பிரின்டர்கள் இன்னும் வேடிக்கை. அச்சு வேலையை வாங்கும் 9100-ஆம் போர்ட் எண்ணில் எது வந்தாலும் அதை அச்சிட வேண்டிய தாளாகவே எடுத்துக்கொள்ளும். அதற்காகவே என்மேப் என்ற ஸ்கேன் கருவி தன் சேவைப் பதிப்பு கண்டறியும் வேலையில் 9100 முதல் 9107 வரையுள்ள போர்ட்களை வழக்கமாக விட்டுவிடுகிறது. வேறு ஏதோ ஸ்கேனரை அப்படியே ஓட விட்டு, மறுநாள் காலை ஒரு மாடி முழுக்கப் பிரின்டர் தட்டுகளில் அரைவரிக் குப்பையோடு தாள்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் செய்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக, ஒவ்வொரு சப்நெட்டாக (நெட்வொர்க்கின் ஒவ்வொரு பகுதியாக), பகலில் செய்யுங்கள். எது விழுந்தாலும் கண்ணெதிரே விழட்டும்.

தாளில் இருக்க வேண்டிய பத்திகள்: மாடல், ஹார்டுவேர் ரிவிஷன், சீரியல் எண், மேக் முகவரி, சுவிட்ச் போர்ட், இருக்குமிடம், ஃபர்ம்வேர் பதிப்பு, பூட்லோடர் (ஃபர்ம்வேரை எழுப்பிவிடும் சிறு நிரல்) பதிப்பு, எத்தனை நாளாக ரீபூட் ஆகாமல் ஓடுகிறது, யார் பொறுப்பு, ஆதரவு முடியும் தேதி.

இதில் எல்லோரும் விடுவது ஹார்டுவேர் ரிவிஷன். வெளியே ஒரே மாடல் பெயர், ஒரே பெட்டி. உள்ளே ஃபர்ம்வேரைச் சேமிக்கும் ஃப்ளாஷ் சிப் வேறு. இரண்டுக்கும் ஃபர்ம்வேர் கோப்பு வேறு. நல்ல சாதனம் தவறான கோப்பை மறுத்துவிடும். எல்லாச் சாதனங்களும் நல்லவை இல்லை.

மேக் முகவரியின் முதல் மூன்று பைட்களை வைத்துத் தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் பெட்டியின் தயாரிப்பாளருக்குப் பதில் உள்ளே இருக்கும் நெட்வொர்க் மாட்யூலைச் செய்தவரின் பெயர்தான் பலமுறை வரும். அதைத் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

3. தனி விஎல்ஏஎன், புதிய பாஸ்வேர்டு

இந்தச் சாதனங்களைப் பயனர்களின் கணினிகள் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனி விஎல்ஏஎன்னில் (அதே சுவிட்ச்களுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) வையுங்கள். உள்ளே போக ஒரே வழி, ஒரு ஜம்ப் சர்வர்: முதலில் அதில் நுழைந்துதான் மற்றவற்றுக்குப் போக முடியும். வெளியே இன்டர்நெட்டுக்குப் போவது முழுக்க அடைப்பு. தேவைப்படுவதை மட்டும் திறக்கிறோம்.

அப்டேட்டுக்கு முன்பே இதை ஏன் செய்ய வேண்டும்? பட்டியலில் எப்போதும் சில சாதனங்களுக்கு அப்டேட்டே இருக்காது. இருப்பவற்றுக்கும் உங்கள் கை போய்ச்சேர வாரங்கள் ஆகும். அதுவரை காப்பது இந்த வேலிதான்.

பாஸ்வேர்டையும் இப்போதே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீங்கு நிரல் பரவியதற்குப் பெரிய நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. டெல்நெட் (மறைப்பில்லாத தொலைநுழைவு) திறந்திருந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும் அறுபது சொச்சம் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அது மெமரியில் மட்டுமே வாழ்ந்ததால் ரீபூட் செய்தால் போய்விடும். பாஸ்வேர்டு மாறாமல் இருந்தால் திரும்பி வந்துவிடும். டெல்நெட்டை மூடி, அதே வேலையை மறைத்துச் செய்யும் எஸ்எஸ்எச் வையுங்கள். சாதனங்களைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி நெறிமுறையில் "பப்ளிக்" என்ற கம்யூனிட்டிப் பெயர் (பாஸ்வேர்டு மாதிரி) இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் மூன்றாம் பதிப்புக்கு மாறுங்கள். முந்தைய பதிப்புகளில் அந்தப் பெயர் மறைப்பில்லாமல் கம்பியில் போகிறது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு: எல்லாவற்றையும் அடைக்கும் உற்சாகத்தில் டிஎன்எஸ்ஸையும் (பெயருக்கு முகவரி சொல்வது) என்டிபியையும் (சரியான நேரம் சொல்வது) சேர்த்து அடைத்துவிடுவது. அதன் விளைவு அடுத்த படியில்.

4. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

அதிகம் சறுக்கும் படி இது. யாரும் இதைப் படியாகவே எண்ணுவதில்லை.

ஒருமுறை நாற்பது கேமராக்களில் பதினோரு கேமராக்கள் மட்டும் அப்டேட்டை மறுத்தன. பிழைச் செய்தி: "சர்வருடன் இணைக்க முடியவில்லை". ஃபயர்வாலில் பாதி நாள் தேடினோம். பிங் போகிறது, போர்ட் திறந்திருக்கிறது, பாக்கெட் போய்வருகிறது. கடைசியில் அவற்றில் ஒரு கேமராவின் நேரடிப் படத்தைத் திறந்து பார்த்தபோது, மூலையில் நேர முத்திரை 1970 ஜனவரி 1 என்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. என்டிபி அடைபட்டிருப்பதால் திருத்திக்கொள்ள வழியில்லை. சர்வரின் அடையாளத்தைக் காட்டும் டிஎல்எஸ் சான்றிதழைப் பார்க்கும் கேமராவுக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். மறுத்துவிட்டது. கேமரா தன் அறிவுக்குச் சரியாகத்தான் நடந்திருக்கிறது.

ஆகவே விஎல்ஏஎன்னுக்குள்ளேயே ஒரு என்டிபி சர்வர் வையுங்கள். டிஎச்சிபியில் 42-ஆம் ஆப்ஷன் வழியாக அதன் முகவரியைத் தரலாம். ஆனால் அதைக் கண்டுகொள்ளாத சாதனங்கள் நிறைய உண்டு; அவற்றில் கையால் போட வேண்டும். போட்டபின் ஒவ்வொன்றின் நேரத்தையும் படித்து, ஒரு நிமிடத்துக்கு மேல் விலகியிருப்பவற்றைத் தனியே எடுங்கள்.

சான்றிதழில் இன்னொரு முனையும் இருக்கிறது. சாதனம் நம்பும் ரூட் சான்றிதழ்களுக்கும் (மற்றச் சான்றிதழ்களை நம்ப அடிப்படையானவை) ஆயுள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற ரூட் சான்றிதழ் காலாவதியானபோது, அதை நம்பியிருந்த பழைய சாதனங்கள் பல, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ் உள்ள சர்வர்களுடன் பேச முடியாமல் போயின. இதில் ஒரு பொறி இருக்கிறது. புதிய ரூட் சான்றிதழ் புதிய ஃபர்ம்வேரில் வரும், அந்த ஃபர்ம்வேரை இறக்கப் புதிய ரூட் வேண்டும். பல வருடம் தொடாத சாதனங்களில் இதைச் சந்திப்பீர்கள். அவற்றுக்குக் கோப்பை நேராகச் சாதனத்தின் வெப் பக்கம் வழியாகவோ யுஎஸ்பி வழியாகவோதான் ஏற்ற வேண்டியிருக்கும். முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

5. எதற்கு முதலில்?

வெளியிலிருந்து தொடக்கூடியதா, அந்த ஓட்டையை ஏற்கனவே யாராவது பயன்படுத்துகிறார்களா, சாதனம் நின்றால் என்ன நிற்கும் என்ற மூன்றை வைத்து வரிசைப்படுத்துங்கள். இரண்டாவது கேள்விக்கு, அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிஐஎஸ்ஏ 2021 நவம்பரிலிருந்து வெளியிட்டுவரும், உண்மையில் தாக்குதலில் பயன்படுத்தப்பட்ட பலவீனங்களின் பட்டியல் உதவும். ஓட்டையின் தீவிரத்துக்குப் பத்துக்கு 9.8 என்ற மதிப்பெண்ணைப் பார்த்துப் பதறுவதை விட, அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ளது என்பது என் அனுபவம்.

சாதனத்தின் பெயரை மட்டும் தேடினால் போதாது. உள்ளே இருக்கும் மென்பொருள் பகுதிகளையும் தேட வேண்டும். 2020 ஜூனில் வெளிவந்த ரிப்பிள்20, ட்ரெக் என்ற டிசிபி/ஐபி நூலகத்தில் (சாதனங்களை நெட்வொர்க்கில் பேசவைக்கும் நிரல் தொகுப்பு) இருந்த 19 பலவீனங்களின் தொகுப்பு. அந்த நூலகம் எத்தனையோ தயாரிப்பாளர்களின் பெட்டிகளுக்குள் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. வாங்கும்போதே மென்பொருள் உள்ளடக்கப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

வெறும் புது வசதிக்காக வந்த பதிப்பென்றால் விட்டுவிடலாம். "புதுசு வந்திருக்கு" என்பது ஏணி ஏறக் காரணம் ஆகாது.

6. கோப்பை எடுத்துவருதல்

தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஷா-256 மதிப்பை (கோப்பிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். அது கோப்பு வழியில் கெடவில்லை என்று மட்டும் சொல்லும். யார் தந்தது என்பதைச் சொல்வது டிஜிட்டல் கையொப்பம். கையொப்பத்தைச் சாதனமே சரிபார்க்கிறதா என்பதை ஆவணத்தில் தேடுங்கள். சரிபார்க்காத மாடல் என்றால் மேலாண்மை வழியை இன்னும் இறுக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே வர முடிந்த எவரும் தன் ஃபர்ம்வேரை ஏற்றிவிடலாம்.

வெளியீட்டுக் குறிப்பை முழுக்கப் படியுங்கள். குறிப்பாக நான்கு விஷயங்கள். இடையில் வேறு பதிப்புக்குப் போய்விட்டுத்தான் வர வேண்டுமா? திரும்பிப் போக முடியுமா? சில சாதனங்கள் பாதுகாப்புக்காகப் பழைய பதிப்பை நிரந்தரமாகத் தடுத்துவிடும். கன்ஃபிக் (சாதனத்தின் அமைப்புகள்) கோப்பின் வடிவம் மாறுகிறதா? மாறினால், பழைய பதிப்புக்குத் திரும்பினாலும் அதற்குப் புதிய கன்ஃபிக் புரியாது. கடைசியாக, எந்த வழக்கமான அமைப்பு மாறுகிறது? பழைய டிஎல்எஸ் பதிப்பை மூடியிருப்பார்கள். அது நல்லதுதான், ஆனால் உங்கள் பழைய கண்காணிப்பு மென்பொருள் அந்த நொடியிலிருந்து குருடாகிவிடும்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் கோப்பையும் எடுத்துவையுங்கள். பழைய பதிப்புகளைத் தளத்திலிருந்து நீக்கிவிடும் தயாரிப்பாளர்கள் உண்டு. திரும்ப வேண்டிய இரவில்தான் அது இல்லையென்று தெரியவரும்.

7. மேசைமேல் சோதனை

உதிரியை எடுத்து, உண்மையான சாதனத்தின் கன்ஃபிக்கையே அதில் ஏற்றுங்கள். வெறும் பெட்டியில் சோதித்தால் வெறும் பெட்டிக்கு ஓடும் என்பது மட்டும்தான் தெரியும்.

அப்டேட் செய்யுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். மறுபடி ஏற்றுங்கள். பிறகு, பலருக்கு மனம் வராத ஒன்று: எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் மின்சாரத்தைப் பிடுங்குங்கள்.

பிடுங்கியபின் என்ன ஆகிறது என்பதுதான் இந்த மாடலை நீங்கள் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு விடை. ஃப்ளாஷில் இரண்டு பங்கு (பார்ட்டிஷன்) வைத்திருக்கும் சாதனம், ஓடாத பங்கில் புதியதை எழுதி, எழுதி முடித்த பிறகே பூட் திசையை மாற்றும். நடுவில் மின்சாரம் போனால் பழையதிலேயே எழும். யூ-பூட் என்ற பூட்லோடரை வைத்துக் கட்டிய பல சாதனங்களில் இதற்கு மேலும் ஒரு காப்பு உண்டு. ஒவ்வொரு பூட் முயற்சியையும் ஒரு எண்ணிக்கையில் கூட்டிக்கொண்டே வரும். நன்றாக எழுந்த சிஸ்டம் அதைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் மாற்றுவழி பூட் கட்டளை ஓடிப் பழைய பங்குக்குப் போகும்.

ஒரே பங்கு உள்ள சாதனம் தன்னைத் தானே மேலெழுதுகிறது. நடுவில் போனால் போனதுதான். அது தவறான சாதனம் என்று சொல்லமாட்டேன். விலை குறைந்த சென்சார்கள் பல அப்படித்தான். ஆனால் தாளில் அந்த மாடலுக்கு எதிரே சிவப்புக் குறி போடுங்கள். அதை யுபிஎஸ் இருக்கும் நேரத்தில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொட வேண்டும்.

மேசையில் செய்ய இன்னொன்று: தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்துவிட்டு எந்தப் பதிப்பு வருகிறது என்று பாருங்கள். சில மாடல்களில் பழைய, ஓட்டையுள்ள பதிப்பே திரும்பி வரும், பழைய பாஸ்வேர்டோடு. பின்னாளில் யாராவது பின் குத்தி ரீசெட் செய்தால் உங்கள் வேலை முழுக்க வீண்.

8. பேக்கப், பிறகு வெறும் ரீபூட்

எல்லாச் சாதனங்களின் கன்ஃபிக்கையும் எடுத்து, அந்தச் சாதனத்துக்கு வெளியே வையுங்கள். ஒன்றிரண்டை உதிரியில் ஏற்றித் திறக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, அப்டேட் இல்லாமல், வெறுமனே ரீபூட் செய்யுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் விசித்திரமாகப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று வருடமாக நிற்காமல் ஓடும் பெட்டிகளில் ஏற்கனவே செத்துப்போன பகுதிகள் இருக்கும்: தேய்ந்த ஃப்ளாஷ், பலவீனமான பவர் அடாப்டர். அல்லது யாரோ ஓடும் கன்ஃபிக்கில் மாற்றம் செய்து சேமிக்காமல் போயிருப்பார். அடுத்த ரீபூட்டில் எப்படியும் அது வெடிக்கும். அப்டேட்டோடு சேர்த்து வெடித்தால் பழி ஃபர்ம்வேர் மேல் விழும். நீங்கள் தவறான இடத்தில் தேடுவீர்கள். தனியாக ரீபூட் செய்தால் காரணம் தனியாகத் தெரியும்.

ரீபூட்டுக்கு முன் ஓடும் கன்ஃபிக்கையும் சேமித்த கன்ஃபிக்கையும் ஒப்பிட்டுவிடுங்கள். வேறுபட்டால் யார், எதற்கு மாற்றினார் என்று கேட்டுவிட்டுச் சேமியுங்கள்.

9. அலை அலையாக ஏற்றுதல்

இப்போது பொத்தான்.

முதல் அலையில் ஒரே ஒரு சாதனம், நின்றாலும் யாருக்கும் வலிக்காத இடத்தில். இரண்டாவதில் ஐந்திலிருந்து பத்து. ஒவ்வொரு ஹார்டுவேர் ரிவிஷனும் அதில் இருக்கும்படி. மூன்றாவதில் பத்தில் ஒரு பங்கு. பிறகு மீதி. அலைகளுக்கு நடுவே குறைந்தது ஒரு முழு வேலை நாளாவது விடுங்கள். வாரம் ஒருமுறை மட்டும் ஓடும் வேலை அந்தச் சாதனத்தில் இருந்தால் ஒரு வாரம். மெமரி மெல்லக் கசியும் பதிப்புகள் முதல் நாளில் காட்டிக்கொடுப்பதில்லை.

ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்கும் ஜோடியை ஒரே அலையில் போடாதீர்கள். ஒரு வாசலைப் பார்க்கும் எல்லாக் கேமராக்களையும் அப்படித்தான்.

நிறுத்தும் விதியைத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். "இரண்டாம் அலையில் ஒன்று எழாவிட்டாலும் நிறுத்துவோம்" என்பது போல. நள்ளிரவில், பாதி முடிந்த நிலையில், களைப்போடு எடுக்கும் முடிவு எப்போதும் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றுதான் இருக்கும்.

வரிசையில் ஒரு விதியை மீறவே கூடாது: கேமராவுக்கும் போனுக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் கேபிள் வழியே மின்சாரம் தருவது பிஓஇ சுவிட்ச். சுவிட்சுக்கு அப்டேட் கொடுத்தால் அது ரீபூட் ஆகும்போது கீழே இருப்பவை மின்சாரம் இழக்கும். அந்நேரம் அவையும் ஃப்ளாஷில் எழுதிக்கொண்டிருந்தால், மேசையில் நீங்கள் செய்து பார்த்த அந்தப் பிடுங்கல் இருபத்து நான்கு போர்ட்டிலும் ஒரே நொடியில் நடக்கும். சுவிட்சுக்கு ஒரு இரவு, அதில் தொங்குபவற்றுக்கு வேறு இரவு. சுவிட்ச்களுக்குள் வரிசை என்றால் தொலைவில் உள்ளது முதலில், நமக்கு அருகில் உள்ளது கடைசியில். அருகில் உள்ளது எழாவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பவற்றை உங்களால் தொட முடியாது.

இனி பாதையின் கொள்ளளவு. 60 எம்பி கோப்பு, 400 சாதனங்கள் என்றால் 24,000 எம்பி. கிளை அலுவலகத்துக்கு 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்) இணைப்பு என்றால் வேறு யாரும் பயன்படுத்தாதபோதே ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல். அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு உள்ளூர்க் கோப்பு சர்வர் வைத்து, கோப்பை அங்கே ஒருமுறை மட்டும் அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் இரவு 2:00 மணி என்று நேரம் கொடுக்காமல் சிதறவிடுங்கள். ஒரே நேரத்தில் இறக்கினால் ஒரே நேரத்தில் ரீபூட் ஆகும், ஒரே நேரத்தில் டிஎச்சிபியிடம் முகவரி கேட்டு நிற்கும்.

தொலைவிலிருந்து டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் நெறிமுறையில் அனுப்பாதீர்கள். அந்த நெறிமுறையின் அடிப்படை வடிவம் 512 பைட் அனுப்பி, பதில் வந்தபின்தான் அடுத்த 512-ஐ அனுப்பும். போய்வர 100 மில்லி விநாடி ஆகும் பாதையில் நொடிக்குப் பத்துத் துண்டு, அதாவது 5 கேபி. 60 எம்பி போக மூன்று மணி நேரத்துக்கு மேல். அதிலும் துண்டு எண் 16 பிட்தான், அதாவது 65,535 வரைதான் என்பதால், எண்ணைத் திரும்பத் தொடங்கத் தெரியாத பழைய பூட்லோடர்கள் 32 எம்பியில் நின்றுவிடும். 32-இல் நிற்கும் இறக்கத்தைப் பார்த்தால் கேபிளைச் சந்தேகப்படாதீர்கள். உள்ளூரில் வைத்துப் பயன்படுத்துங்கள், அல்லது எச்டிடிபிஎஸ், எஸ்எஃப்டிபிக்குப் போங்கள்.

10. சரிபார்ப்பு

"அண்ணா, எல்லாம் முடிஞ்சிருச்சு. நூறு சதவீதம் சக்சஸ் காட்டுது."

"யாரு காட்டுது?"

"கன்சோல்ல."

"கேமராகிட்ட கேட்டியா?"

இந்த உரையாடல் வருடத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும். மேலாண்மை மென்பொருளின் "வெற்றி" பல நேரம் "கோப்பைக் கொடுத்துவிட்டேன்" என்று மட்டுமே பொருள்படும். இரண்டாம் பங்கில் எழுதப்பட்டு ரீபூட்டுக்குக் காத்திருக்கலாம். ரீபூட் ஆகி, எழ முடியாமல், பழைய பங்குக்கே திரும்பியிருக்கலாம். அந்தத் தானியங்கிக் காப்புதான் இங்கே நம்மை ஏமாற்றும். சாதனம் உயிரோடு இருக்கிறது, பிங் வருகிறது, பதிப்பு மட்டும் பழையது.

ஆகவே ஒவ்வொரு சாதனத்திடமும் நேராகக் கேளுங்கள்: இப்போது ஓடும் பதிப்பு என்ன, எவ்வளவு நேரமாக ஓடுகிறது. பிறகு அது செய்ய வேண்டிய வேலையைச் செய்யச் சொல்லுங்கள். கேமரா என்றால் படம் வந்து பதிவாகிறதா, இரவுப் பயன்முறையிலும்? கதவு என்றால் அனுமதியுள்ள அட்டைக்குத் திறக்கிறதா, அனுமதியில்லாத அட்டைக்குத் திறக்காமல் இருக்கிறதா? இரண்டாவதைச் சோதிக்க மறந்துபோகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

கன்ஃபிக்கை மறுபடி எடுத்து, பேக்கப்புடன் ஒப்பிடுங்கள். தொழிற்சாலைப் பாஸ்வேர்டு திரும்ப வேலை செய்கிறதா, டெல்நெட் திறந்துகொண்டதா என்று பாருங்கள். 24 மணி நேரம் கழித்து மெமரி அளவையும் ரீபூட் எண்ணிக்கையையும் இன்னொரு முறை.

11. எழாத சாதனம்

முதலில் காத்திருங்கள். மேசையில் அளந்த நேரத்தின் இரு மடங்கு. அவசரப்பட்டுக் கொன்ற சாதனங்கள், அப்டேட்டால் செத்தவற்றை விட அதிகம்.

பிறகு சுவிட்ச் போர்ட்டைப் பாருங்கள். லிங்க் இருக்கிறதா, எத்தனை வாட் இழுக்கிறது? மின்சாரம் இழுத்துக்கொண்டு லிங்க் விட்டுவிட்டு வந்தால் பூட் சுழலில் இருக்கிறது. லிங்க் நிலையாக இருந்தால் பெரும்பாலும் அது உயிரோடுதான் இருக்கிறது, முகவரிதான் மாறியிருக்கும். டிஎச்சிபி லாக்கில் அதன் மேக் முகவரியைத் தேடுங்கள். நிலையான முகவரியை இழந்து தொழிற்சாலை முகவரிக்குப் போயிருக்கவும் கூடும்.

அதற்கும் அகப்படவில்லை என்றால் பிஓஇ போர்ட்டை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஒருமுறைதான். அடுத்து பூட்லோடரின் மீட்பு வழி, கடைசியில் சீரியல் கேபிளும் ஏணியும். ரீசெட் பட்டனைக் கடைசிவரை தொடாதீர்கள். அது லாக்கையும் அழித்துவிடும். அடுத்த 300 சாதனங்களுக்கும் இதே கதி வருமா என்பதற்கான ஒரே சாட்சி அதுதான்.

12. ஆதரவு முடிந்தவை

தயாரிப்பாளர் கைவிட்ட சாதனங்கள் தாளில் மிஞ்சும். அவற்றைத் தனி விஎல்ஏஎன்னிலும் தனியாக அடைத்து, ஒரே ஒரு சர்வருடன் மட்டும் பேசவிட்டு, மாற்றும் தேதியைப் பெயரோடு எழுதுங்கள். தேதி இல்லாத "விரைவில்" எந்தப் பட்ஜெட்டிலும் நுழைவதில்லை.

புதிதாக வாங்கும்போது இரண்டைக் கேளுங்கள்: எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவீர்கள், 2038 ஜனவரி 19-ஐத் தாண்டுமா? 32 பிட்டில் நொடிகளை எண்ணும் கடிகாரம் அன்று நிரம்பிவிடும். கட்டடத்துக்குள் மாட்டிய கன்ட்ரோலர்கள் பதினைந்து வருடம் ஓடுவது சாதாரணம், ஆகவே இன்று மாட்டுவது அந்த நாளைப் பார்க்கும். உதிரியின் கடிகாரத்தை 2038 ஜனவரி 18 இரவுக்குத் தள்ளி வைத்துவிட்டு, மறுநாள் வந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

கழற்றிய பெட்டியை அப்படியே குப்பைக்கு அனுப்பாதீர்கள். அதற்குள் வைஃபை சாவி, சான்றிதழ், சில நேரம் எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான பாஸ்வேர்டு இருக்கும். அழியுங்கள், சான்றிதழை ரத்து செய்யுங்கள், சுவிட்ச் போர்ட்டை மூடுங்கள், தாளில் அந்த வரிக்கு எதிரே தேதியைப் போடுங்கள்.